ஹெர்ன்கோட் ரெய்னரின் வயது

மெழுகுதிரித் திருநாளுக்கு மறுநாள், 1370
சர் ஒஸ்பர்ட் மாளிகை

அன்புத் தங்கை இடோனிக்கு,

அண்ணன் ரெய்னர் எழுதுவது. நான் நலம். நீயும் மடத்துச் சகோதரிகளும் நலம்தானே? குளிரில் வெடித்த உன் விரல்கள் ஆறிவிட்டனவா? ஆறாவிட்டாலும் நீ எழுதுவதை நிறுத்தியிருக்கமாட்டாய்.

விஷயத்துக்கு வருகிறேன். போன டிசம்பரில் லூசியா திருநாளோடு எனக்கு, நிலத்தைக் கேட்டு வாங்கும் வயதான இருபத்தொன்று முடிந்துவிட்டது. அப்பா இறந்ததிலிருந்து ஒன்பது வருஷமாகக் காப்பாளர் என்ற பெயரில் நம் ஹெர்ன்கோட் நிலத்தை அனுபவிக்கும் சர் ஒஸ்பர்ட்டுக்கு மட்டும் அது தெரியவில்லை. நேற்று அவருக்கு இறைச்சி வெட்டிப் பரிமாறும்போது வாய்விட்டுக் கேட்டுவிட்டேன். எலும்பை உறிஞ்சிக்கொண்டே சொன்னார்: "இருபத்தொண்ணா? மீசையப் பார்த்தா பதினேழுன்னுல்ல சொல்லணும். பன்னெண்டு பேரு வந்து சத்தியம் பண்ணட்டும் தம்பி, அப்புறம் சாவியத் தர்றேன்." பந்தி முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்துவைத்தேன்.

ஆனால் அவர் நம் ஓக் காட்டில் கோடரி வைத்துவிட்டார். தினமும் நான்கு வண்டி போகிறது. அடுத்தது கூடத்தின் கூரைமேல் போட்ட ஈயத் தகடாம். காப்பாளர் காட்டை அழிக்கக் கூடாது என்று சட்டம் இருக்கிறது. வெட்டிச் சாய்த்த மரத்தைச் சட்டம் நிமிர்த்தி வைக்குமா? இந்த வருஷமே நிலம் என் கைக்கு வராவிட்டால் வேலியும் சேறும்தான் மிஞ்சும். அம்மாவும் அந்த ஒழுகும் சின்ன வீட்டிலேயே இருக்க வேண்டியதுதான்.

ஜூலையில், மரிய மதலேன் திருநாளன்று அரசரின் அதிகாரி ஹெர்ன்கோட்டுக்கு வந்து வயதுச் சாட்சி கேட்பார். பன்னிரண்டு பேரை நான் தேடிவிடுவேன். எழுத்தும் இருந்தால் பலம். நான் பிறந்ததைப் பங்குக் குரு நம் கோயில் பூசைப் புத்தகத்தில் எழுதியதாக அப்பா சொல்வார். கொள்ளைநோய் வருஷத்தில் அந்தக் குரு இறந்து கோயில் பூட்டிக் கிடந்தபோது புத்தகம் உங்கள் மடத்துக்கு வந்துவிட்டதாம். தேடிப் பார், புத்தகப் பூச்சியே. உன்னை விட்டால் எனக்கு வேறு ஆள் இல்லை.

உன் அண்ணன்,
ரெய்னர்


புனித கிரகோரியார் திருநாள்
புனித எடித் மடம்

அன்புள்ள அண்ணா,

விரல்கள் ஆறிவிட்டன. கிடைத்துவிட்டது என்பதை முதல் வரியிலேயே எழுத நினைத்தேன். நலம் விசாரிக்காமல் கடிதம் தொடங்கக் கூடாது என்று சகோதரி ஜுவெட்டா சொல்லியிருப்பதால் இரண்டாவது வரியில் எழுதுகிறேன். கிடைத்துவிட்டது.

பாடல் புத்தகங்களுக்கு அடியில், எலி கடித்த அட்டையோடு இருந்தது. முன்பக்கத்து நாட்காட்டியில் லூசியா திருநாளுக்கு எதிரே ஓரத்தில் எழுதியிருக்கிறது: "எட்வர்டு அரசரின் இருபத்திரண்டாம் ஆண்டு, இந்நாளில் சர் ஓடோவுக்கும் ஹாவிஸ் சீமாட்டிக்கும் தலைமகன் ரெய்னர் பிறந்தான்." அதாவது 1348. பக்கத்தில் குரு மணி ஒன்றும் வரைந்திருக்கிறார். உன் பிறப்புக்கு அவ்வளவு மகிழ்ச்சி. நீ வளர்ந்ததைப் பார்த்திருந்தால் வரைந்திருப்பாரோ என்னவோ.

புத்தகங்களைக் கவனிக்கும் ஜுவெட்டா என்னைவிட ஆறு வயதுதான் பெரியவள். நான் கத்தியதைக் கேட்டு ஓடிவந்து, "பேசாம இருடி, மடத்துத்தாய் ஜெபத்துல இருக்காங்க. புதையலா கெடைச்சுது?" என்றாள். ஆமாம் என்றேன்.

உனக்கு ஒரு பரிசு தயாராகிறது. நம் வம்சச் சுருள். தோல் தாளில் மேலிருந்து கீழாக வட்டங்கள், ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு முகமும் பெயரும். உச்சியில் நாரைக் கொடி தூக்கிய பெரிய வாரின். புனித நாட்டுக்குப் போய்க் காய்ச்சலை மட்டும் கொண்டுவந்தவர். அவருக்குக் கீழே, போட்டிச் சண்டைக்குப் போகும் வழியில் கவசத்தோடு ஓடையில் விழுந்து இறந்த ஹாமோ. முழங்கால் ஆழம்தானாம். அவருக்குக் கீழே, ஸ்காட்லாந்துச் சதுப்பில் சிக்கிய நம் தாத்தா. பிறகு அப்பா. அப்பாவுக்குக் கீழே இரண்டே வட்டங்கள், நீயும் நானும். மூன்று முறை தப்பாக எழுதி மூன்று முறையும் கத்தியால் சுரண்டிவிட்டேன். எங்கே சுரண்டினேன் என்று உன்னால் கண்டுபிடிக்க முடியாது. "தப்ப மறைக்கிறதுல ஒன் கை மாதிரி இந்த மடத்துலயே இல்ல" என்கிறாள் ஜுவெட்டா.

மைதான் போதவில்லை. நம் காட்டு ஓக் மரங்களில் மாசிக்காய் நிறையக் காய்க்குமே. இலையுதிர் காலத்தில் ஒரு பை அனுப்பு.

உன் தங்கை,
இடோனி


உயிர்த்த ஞாயிறுக்கு மறு வாரம்
புனித எடித் மடம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

உங்கள் மகள் இடோனி முழந்தாளிட்டு ஆசி கேட்டு எழுதுவது. உங்கள் பல்வலி எப்படி இருக்கிறது? கிராம்பு வைத்துப் பார்த்தீர்களா?

அண்ணன் பிறந்ததை எழுதிய பழைய பூசைப் புத்தகம் என் கையில் இருக்கிறது. அண்ணன் சொல்லியிருப்பான். அவன் ஞானஸ்நான விருந்தைப் பற்றிச் சொல்லுங்களேன். யார் ஞானத்தந்தை, எந்தத் துணியில் சுற்றினீர்கள், அழுதானா. சுருளில் ஓரமாக எழுத ஆசை. அவனை நீங்கள் முதலில் பார்த்தபோது எப்படி இருந்தான் அம்மா?

உங்கள் பணிவுள்ள மகள்,
இடோனி


பெந்தேகொஸ்தே வாரம்
ஹெர்ன்கோட் சின்ன வீடு

அன்பு மகள் இடோனிக்கு,

கடவுளின் ஆசியும் என் ஆசியும். என் கைக்கு எழுத்து சரியாக வராது என்பதால் நான் சொல்லச் சொல்லக் கோயில் எழுத்தர் எழுதுகிறார். பல்லைப் பிடுங்கிவிட்டார்கள். வாத்து ஏழு குஞ்சு பொரித்தது, நரி இரண்டைக் கொண்டுபோய்விட்டது. உனக்கு ஒரு பாலாடைக்கட்டி அனுப்புகிறேன், ஜுவெட்டாவுக்கும் கொடுத்துச் சாப்பிடு. கம்பளிக் காலுறையை வெயில் வந்துவிட்டது என்று கழற்றிவிடாதே.

பழைய புத்தகங்களில் தூசி அதிகம், உனக்கு இருமல் வரும். அதை எடுத்த இடத்திலேயே வைத்துவிடு. பன்னிரண்டு பேர் சாட்சி இருக்கும்போது புத்தகம் எதற்கு என்று ரெய்னருக்கும் சொல்லியிருக்கிறேன். வெளுத்த வாத்துதான் ரொம்ப முட்டை வைக்கிறது.

உன் அம்மா,
ஹாவிஸ்


பெந்தேகொஸ்தே முடிந்த பத்தாம் நாள்
சர் ஒஸ்பர்ட் மாளிகை

அன்புத் தங்கைக்கு,

நலம். நீயும் நலமாக இரு. சாட்சிகளைப் பார்க்க மூன்று நாள் ஹெர்ன்கோட் போய்வந்தேன். சிரித்துச் சிரித்து விலா நோகிறது.

எந்த நாள் என்று எப்படி ஞாபகம் என்பதைத்தானே அதிகாரி கேட்பார்? அதற்கு ஆளுக்கு ஒரு காயம் வைத்திருக்கிறார்கள். மாவு அரைக்கும் வாட் அன்றைக்கு மணி அடிக்க ஏறி ஏணியிலிருந்து விழுந்தாராம். காலைத் தூக்கி மேசைமேல் வைத்து, "இந்தா பாருங்க, இன்னும் கோணல்தான். ஒங்களுக்காக ஒடைஞ்ச காலு தம்பி இது" என்றார். தச்சர் ஆடம் விருந்து நெருப்பில் சுட்டுக்கொண்ட கையைக் காட்டினார். இன்னொருவருக்கு அன்றுதான் கல்யாணம். "அதவிடப் பெரிய காயம் என்ன வேணும்?" என்றார், மனைவி பக்கத்திலேயே நிற்க.

வாட்டின் மனைவிதான் என்னைத் தொட்டிலில் பார்த்தவள். "காக்கா றெக்க மாதிரி கன்னங்கரேல்னு முடி. இப்ப எப்பிடி இப்பிடிச் செம்பட்டையாச்சு?" என்று தலையைத் தடவினாள். சர் ஒஸ்பர்ட் வீட்டு உப்புக்கருவாட்டில் வெளுத்துவிட்டது என்றேன்.

அம்மா மட்டும் சரியாகப் பேசவில்லை. புத்தகம் வேண்டாம் என்கிறாள். வயதாகிறது, பாவம். மதலேன் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு அதிகாரியின் ஆள் உங்கள் மடத்துக்கு வந்து புத்தகத்தை வாங்கிக்கொள்வான். பத்திரம்.

ரெய்னர்


யோவான் திருநாளுக்கு முந்தின வாரம்
புனித எடித் மடம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

இடோனி ஆசி கேட்டு எழுதுவது. பாலாடைக்கட்டி மிக நன்றாக இருந்தது. இந்தக் கடிதத்தை எழுத்தர் கையில் கொடுக்காதீர்கள். உங்களுக்கு வாசிக்கத் தெரியும், மெதுவாக வாசியுங்கள்.

புத்தகத்தை ஒப்படைப்பதற்குமுன் தூசி தட்டப் பக்கம் பக்கமாகத் திருப்பினேன். ஆகஸ்ட் மாதப் பக்கத்தில், தேவமாதாவின் விண்ணேற்புத் திருநாளுக்கு முந்தின நாளில் ஒரு வரி இருக்கிறது. அதே குருவின் கை, ஆனால் நடுங்கிய கை. "இருபத்துமூன்றாம் ஆண்டு. ஓடோவின் மகன் ரெய்னர், எட்டு மாதம், இறந்தான். கடவுள் இரங்குவாராக." அதற்குப் பிறகு அந்தக் கையெழுத்து புத்தகத்தில் எங்குமே இல்லை.

அம்மா, லூசியா திருநாளில் பிறந்த ரெய்னர் இறந்துவிட்டான் என்றால், செம்பட்டை முடியோடு இருக்கும் என் அண்ணன் யார், எப்போது பிறந்தவன்?

நான் யாரிடமும் சொல்லவில்லை. புத்தகத்தை வாங்க ஆள் வர மூன்று வாரம் இருக்கிறது.

உங்கள் இடோனி


இராயப்பர் சின்னப்பர் திருநாள்
புனித எடித் மடம்

மதிப்புக்குரிய அம்மாவுக்கு,

நீங்கள் நலம் என்று நம்புகிறேன். என் கடிதம் வந்து சேர்ந்தது என்று வண்டிக்காரர் சொன்னார். உங்கள் கையில்தான் கொடுத்தாராம். நீங்கள் வாசித்துவிட்டு வாத்துகளுக்குத் தண்ணீர் வைக்கப் போனீர்களாம்.

ஜுவெட்டா அந்த வரியைப் பார்த்துவிட்டாள். எனக்குப் பின்னால் வந்து நின்றது தெரியவில்லை. "ஒரே ஒரு வரிதானேடி. ஒனக்குக் கால் மணி வேல" என்றாள். பிறகு, "நான் ஒண்ணும் சொல்லல. நான் தோட்டத்துக்குப் போறேன்" என்று போய்விட்டாள்.

கத்தியைத் தீட்டி வைத்திருக்கிறேன். அதைச் சுரண்டினால் காடு பிழைக்கும், உங்கள் வீட்டுக்கு நீங்கள் திரும்பலாம், அண்ணன் பன்னிரண்டு பேர் முன்னால் தலை நிமிர்ந்து நிற்பான். யாருக்கும் தெரியாது. தினமும் அந்தப் பக்கத்தைத் திறந்து மூடுகிறேன். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் போதும். என்ன சொன்னாலும் செய்வேன்.

இடோனி


ஜூலை மாதம், என்ன நாள் என்று பார்க்கவில்லை
ஹெர்ன்கோட்

இடோனி,

இது என் கை. கோணலாக இருக்கும், பொறுத்துக்கொள்.

அவனைப் புதைக்க ஆள் இல்லை. நம் ஊரில் பாதிப் பேர் போய்விட்டார்கள், மீதிப் பேர் மேட்டுக்கு ஓடிவிட்டார்கள். குருவும் உன் அப்பாவும் எல்லாரையும் போட்ட குழியில்தான் அவனையும் வைத்தார்கள். நான்கு நாளில் குருவும் போய்விட்டார். அப்போது உன் அண்ணன் என் வயிற்றில் இரண்டு மாதம்.

அடுத்த மார்ச்சில், கிரகோரியார் திருநாளில் அவன் பிறந்தான். மூன்று பங்கிலும் உயிரோடு ஒரு குரு இல்லை. மருத்துவச்சிதான் வீட்டிலேயே தண்ணீர் ஊற்றி ஞானஸ்நானம் கொடுத்தாள். மணி இல்லை, விருந்து இல்லை. என்ன பேர் என்று அவள் கேட்டாள். "வேற பேரு என் வாயில வரமாட்டேங்குது" என்றார் உன் அப்பா.

அதற்கும் அடுத்த வருஷ வசந்தத்தில் ஊர்க்காரர்கள் திரும்பி வந்தபோது கூடத்தில் ஒரு குழந்தை இருந்தது. பெயர் ரெய்னர். "பிள்ள வளரவே இல்லியே" என்று ஒருத்தி சொன்னாள். "அந்த வருசம் எந்தப் பிள்ளதான் வளந்துச்சு" என்று இன்னொருத்தி சொன்னாள். நான் பொய் சொல்லவில்லை இடோனி. வாயைத் திறக்கவில்லை, அவ்வளவுதான். திறந்தால் அவன் செத்தான் என்று சொல்ல வேண்டும். வருஷா வருஷம் லூசியா திருநாளுக்கு ஊர்க்காரர்கள் முட்டை கொண்டுவருவார்கள். உன் அண்ணன் தின்பான். எனக்கு அது இன்னொருவனின் முட்டை. ஊரார் வாயில் அவன் வளர்ந்துகொண்டே இருந்தான். எனக்கு அது பிடித்திருந்தது.

அவனுக்குக் கல் இல்லை, குறி இல்லை. அவன் பெயர் உலகத்தில் எங்குமே இல்லை என்றுதான் இருபது வருஷமாக நினைத்திருந்தேன். நீ ஒரு வரி இருக்கிறது என்று எழுதியிருக்கிறாய். நூறு தடவை வாசித்துவிட்டேன்.

ரெய்னருக்கு வீடு வேண்டும். எனக்கும் வேண்டும். என்ன செய்யச் சொல்வது என்று எனக்குத் தெரியவில்லை. அந்த வரி எவ்வளவு நீளம்? கறுப்பு மையா, சிவப்பா?

அம்மா


ஜூலை பதின்மூன்று
புனித எடித் மடம்

அன்புள்ள அண்ணா,

நீ நலமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். இதைத் தனியாக உட்கார்ந்து வாசி.

அம்மா தன் கையால் எனக்கு எழுதிய கடிதத்தை அப்படியே இதற்குள் வைத்திருக்கிறேன். ஆகஸ்ட் பக்கத்து வரியின் நகலும் இருக்கிறது. சுருக்கமாகச் சொன்னால் உனக்கு இருபத்தொன்று ஆகவில்லை. அடுத்த கிரகோரியார் திருநாளில்தான் ஆகும். போன கிரகோரியார் திருநாளில்தான் நான் உனக்குக் 'கிடைத்துவிட்டது' என்று எழுதினேன். அது உன் பிறந்தநாள் என்று தெரியாமல் எழுதினேன்.

நான் சுரண்டவில்லை. முடியாமல் இல்லை. வரி என் விரல் நீளம்தான், கறுப்பு மை. கத்தியை வைத்தும் பார்த்தேன். அம்மா அதன் நீளத்தைக் கேட்ட பிறகு கை போகவில்லை.

அதிகாரியின் ஆள் லூசியா பக்கத்தில் நாடா வைக்கச் சொல்லியிருக்கிறான். அந்தப் பக்கத்தை மட்டும்தான் திறப்பார்கள். நீ பேசாமல் இருந்தால் யாரும் பொய் சொன்னதாகாது. வாட் கால் உடைந்தது உண்மை, ஆடம் கை சுட்டது உண்மை. எட்டு மாதத்தில் சர் ஒஸ்பர்ட் எவ்வளவு வெட்டுவார் என்று எனக்குத் தெரியும். நீ எதைச் செய்தாலும் நான் உன் பக்கம்.

இடோனி


ஆகஸ்ட் முதல் நாள்
சர் ஒஸ்பர்ட் மாளிகை

இடோனிக்கு,

நலம் விசாரிக்க மறந்தால் ஜுவெட்டா திட்டுவாள். நலமா?

உன் கடிதத்துக்கு நான் பதில் போடவில்லை. என்ன எழுதுவது? ஒரு வாரம் என்னை நானே இன்னொருவனைப் போலப் பார்த்துக்கொண்டு திரிந்தேன். அம்மாமேல் கோபமும் வந்தது. பேசாமல் இருந்துவிடலாம் என்றுதான் ஹெர்ன்கோட் போனேன். உன்னிடம் ஏன் மறைக்க வேண்டும்?

கூடம் நிறையக் கூட்டம். பன்னிரண்டு பேரும் சொன்னார்கள், ஒருவர் தவறாமல் உண்மை. அதிகாரி லூசியா பக்கத்தை வாசித்துத் தலையாட்டினார். சர் ஒஸ்பர்ட் முகம் சுருங்கிவிட்டது. கடைசியாக நான் புத்தகத்தின்மேல் கை வைத்து, நான்தான் அந்த ரெய்னர் என்று சொல்ல வேண்டும். எழுத்தர் கூப்பிட்டார்: "ஓடோவின் மகன் ரெய்னர்."

பெண்கள் வரிசையில் அம்மா நிமிர்ந்தாள். நான் எழுந்து நிற்கிறேன். அவள் பார்த்தது என்னை அல்ல, புத்தகத்தை.

கை வைத்தேன். வைத்த கையாலேயே ஆகஸ்ட் பக்கத்தைத் திருப்பி, "இதையும் வாசிங்கய்யா" என்றேன்.

எழுத்தர் உரக்க வாசித்தார். முதலில் வாய் திறந்தது வாட்தான். கோபம் அவருக்கு. "அப்ப நான் ஏணியிலேர்ந்து விழுந்தது பொய்யா?" விழுந்தது நிஜம்தான் மாமா, எனக்காக இல்லை என்றேன். அவர் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு தொப்பியைக் கழற்றினார். ஒவ்வொருவராகப் பன்னிரண்டு பேரும் கழற்றினார்கள். அம்மா முக்காட்டை இழுத்துக்கொண்டு எல்லாருக்கும் முன்னால் அழுதாள். இருபத்தோரு வருஷம் பிந்திய துக்கம்.

கிரகோரியார் திருநாள் கழித்து வா என்று அதிகாரி சொல்லிவிட்டார். "அன்னிக்கு யாரு ஞாபகம் வச்சிருப்பா?" என்று சர் ஒஸ்பர்ட் கேட்டதற்கு, "இன்னிக்கு இங்க இருந்தவங்க எல்லாரும்" என்றார். வெளியே வந்ததும் சர் ஒஸ்பர்ட் என் தோளைத் தட்டி நன்றி சொன்னார். இரண்டு மடங்கு கோடரி வாங்கியிருக்கிறார். மேற்குக் காடு இனி இல்லை.

ஒன்றேகால் வயது குறைந்த உன் அண்ணன்,
ரெய்னர்


மிக்கேல் சம்மனசு திருநாள்
ஹெர்ன்கோட் சின்ன வீடு

இடோனி,

ஆசிகள். மறுபடி என் கைதான். பழகிவிட்டது.

ரெய்னர் ஞாயிற்றுக்கிழமை வந்திருந்தான். கூரையில் ஒழுகும் இடத்தை அடைத்துக் கொடுத்தான். போகும்போது, "அவன் எப்பிடிம்மா இருப்பான்?" என்று கேட்டான். சொன்னேன். வாய் திறந்தால் மூட முடியவில்லை. இருட்டும்வரை சொன்னேன்.

இனி முட்டையை லூசியா திருநாளுக்குக் கொண்டுவருவதா கிரகோரியார் திருநாளுக்கா என்று ஊரில் வாக்குவாதம். "ரெண்டுக்கும் கொண்டாந்தாப் போச்சு, கோழிக்கு என்ன தெரியும்" என்று வாட் முடித்துவைத்தார்.

உன் சுருளில் இடம் இருக்கிறதா? இருந்தால் அவனுக்கும் ஒரு வட்டம் போடு. சின்னதாக வேண்டாம். குழந்தை என்று சின்னதாகப் போட்டுவிடாதே.

அம்மா


சகல ஆத்துமாக்கள் திருநாள்
புனித எடித் மடம்

அன்புள்ள அம்மாவுக்கு,

இடோனி முழந்தாளிட்டு எழுதுவது. பல் இல்லாத இடத்தில் குளிர் ஏறாமல் பார்த்துக்கொள்ளுங்கள். நான் காலுறை போட்டிருக்கிறேன்.

இன்று காலைப் பூசையில் அவன் பெயரை வாசித்தார்கள். ஜுவெட்டா மடத்துத்தாயிடம் போய்க் கேட்டு வாங்கிய அனுமதி. பெயர் வந்தபோது என் கையைப் பிடித்துக்கொண்டாள். கத்தி விஷயம் பற்றி நாங்கள் இருவரும் இதுவரை பேசவில்லை.

சுருளை முடித்துவிட்டேன். பெரிய வாரின், ஓடையில் விழுந்த ஹாமோ, சதுப்பில் சிக்கிய தாத்தா, அப்பா, நீங்கள். உங்கள் இருவருக்கும் கீழே மூன்று வட்டங்கள். முதலில் இருந்த அண்ணனைச் சுரண்டி நடுவுக்குத் தள்ளினேன். அவன் ஒன்றும் நினைக்கமாட்டான். மூன்றும் ஒரே அளவு. ஒரே கிண்ணத்தைக் கவிழ்த்து வரைந்தவை.

அண்ணன் மாசிக்காய் ஒரு மூட்டை அனுப்பினான். மேற்குக் காட்டில் வெட்டிப் போட்ட கிளைகளில் பொறுக்கியவையாம், ஏறாமலே கிடைத்தன என்று எழுதியிருக்கிறான். அவற்றை இடித்து ஊறவைத்த மையால்தான் மூத்தவன் பெயரை எழுதி, தலைமுடியும் வரைந்தேன்.

அம்மா, சுருள் வந்ததும் முடி சாம்பல் நிறமாக இருக்கிறதே என்று வருத்தப்படாதீர்கள். மாசிக்காய் மை அப்படித்தான், எழுதும்போது வெளுத்திருக்கும். காற்றுப் படப் படக் கறுக்கும். அடிக்கடி பிரித்து வையுங்கள். லூசியா திருநாளுக்குள் நீங்கள் அண்ணனிடம் சொன்ன அளவுக்கு, காக்கை இறகுபோல் கறுத்துவிடும்.

உங்கள் மகள்,
இடோனி